புதுப்பிப்பு: தாய்க்குத் தாது உப்பு கொடுத்தும் வெளிறிய பன்றிக்குட்டிகள்

பாலூட்டும் பன்றிக்குத் தினமும் தாது உப்புக் கலவை கொடுத்தும் குட்டிகள் ஏன் வெளிறுகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார், இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகைதான். அன்றே குட்டிகளுக்கு இரும்பு ஊசி போட்டார், ஒரு குட்டி மட்டும் தேறவில்லை.

தாய்க்கு எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் பாலில் பெரிதாக ஏறாது. குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் வேண்டும், பாலில் கிடைப்பதோ ஏறக்குறைய 1 மில்லிகிராம். மண்ணைக் கிளறும் குட்டிகளுக்கு அதிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். எங்களுடையது சிமென்ட் தரை. அடுத்து ஈன்ற பன்றியின் குட்டிகளுக்கு மூன்றாம் நாளே தலா 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி போட்டோம். ஒன்பதும் இளஞ்சிவப்பாக ஓடித் திரிகின்றன, பார்க்கவே அவ்வளவு நிம்மதி.

அதற்காகக் கலவையை நிறுத்திவிடாதீர்கள். சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரசும் குறைந்தால் தாய் தன் எலும்பைக் கரைத்துத்தான் பால் சுரக்கும். அப்புறம் கால் ஊன்ற முடியாமல் படுத்துவிடும்.