ஆனைமலையைக் கம்ப்யூட்டரில் நிஜம் போலக் கொண்டுவர எங்கே தொடங்குவது?

பல்லடம்பிக்சல்:

வணக்கங்க. திருப்பூரில் பனியன் துணிக்குப் பிரிண்ட் டிசைன் செய்கிற வேலை எனக்கு. ஃபோட்டோஷாப்பும் கோரல்டிராவும் கைக்கு வந்துவிட்டன, த்ரீடி பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் ரோட்டில் ஒரு காட்சி வருமே, முன்னால் தென்னந்தோப்பு, தோப்புக்கு மேலே செங்குத்தாக எழும் ஆனைமலை. எந்தப் புகைப்படத்தையும் ஒட்டாமல் அதை முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கி, பார்க்கிறவர் நிஜம்தானோ என்று ஒரு நொடி யோசிக்கிற அளவுக்கு ரெண்டர் (கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தரும் இறுதிப் படம்) எடுக்கணும், அதுதான் ஆசை.

இலவச த்ரீடி சாஃப்ட்வேரான பிளெண்டரில், நிலப்பரப்பு உண்டாக்கும் ஏ.என்.டி. லேண்ட்ஸ்கேப் ஆட்-ஆனை (கூடுதல் கருவியை) வைத்து மலை செய்து பார்த்தேன். மலை என்னவோ வருகிறது, ஆனால் கொலுவில் வைக்கிற களிமண் மலை மாதிரி இருக்கிறது, பாறை டெக்ஸ்சர் (மேல்பரப்பில் போர்த்தும் படம்) போட்டும் அந்தப் பொம்மைத்தனம் போகவில்லை. நிலக்காட்சி செய்வதற்கென்றே உள்ள சாஃப்ட்வேர் என்று டெர்ராஜென் என்கிறார்கள், கையா என்கிறார்கள், வேர்ல்ட் மெஷின் என்கிறார்கள். என்னுடையது 16 ஜிபி ராம், 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். காசு போட்டு சாஃப்ட்வேர் வாங்குகிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. எதை முதலில் படிக்கலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கரட்டுமேடு:

சாஃப்ட்வேரை அப்புறம் பார்த்துக்கலாங்க, தொடங்குவதற்கு பிளெண்டரே போதும். உங்கள் மலை பொம்மையாகத் தெரிவதற்கு டெக்ஸ்சர் காரணமில்லை, வடிவம்தான். அந்த மாதிரி ஆட்-ஆன்கள் நாய்ஸ் என்கிற தற்செயல் எண் கணக்கை அடுக்கடுக்காகப் போட்டு மேடுபள்ளம் உண்டாக்குகின்றன, பெரிய மேட்டின்மேல் சின்ன மேடு, அதன்மேல் இன்னும் சின்னது, எல்லாப் பக்கமும் ஒரே கரடுமுரடு. நிஜ மலையில் தண்ணீர் ஓடியிருக்கும். மேலே சின்னச் சின்ன ஓடைகள் கூடிப் பள்ளமாகி, அறுத்த மண்ணை அடிவாரத்தில் விசிறியாகப் பரப்பியிருக்கும். இந்த அரிப்பு இல்லாத மலையைக் கண் நம்பாது. கையாவும் வேர்ல்ட் மெஷினும் பேர் வாங்கியதே அரிப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுவதால்தான்.

ஆனால் அதிலும் ஒன்று இருக்கு. இணையத்தில் பாடம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் செய்து காட்டுவது ஆல்ப்ஸ் வகை மலை, பனியாறு செதுக்கிய கூர்முகடு, மேலே பனி. நம் பக்கம் அப்படியா? ஆனைமலையும் நீலகிரியும் சார்னோகைட், நைஸ் வகைப் பழம்பாறை, முகடு தேய்ந்து உருண்டு கிடக்கும், ஓரம் மட்டும் சமவெளியை நோக்கிச் சரேலென்று இறங்கும். சென்னிமலை, சிவன்மலை, அப்புறம் ஊருக்கு ஊர் நிற்கிற கரடு எல்லாம் தட்டையான நிலத்துக்கு நடுவே திடுதிப்பென்று எழுந்து நிற்பவை. ஸ்லைடரை இழுத்து இழுத்து இதை வரவைப்பதற்குள் ஆயுசு போய்விடும்.

அதனால் நிஜமான உயரத் தரவையே எடுத்துக்கோங்க. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ஓடத்திலிருந்து ரேடார் வைத்து அளந்த எஸ்.ஆர்.டி.எம். தரவு இலவசம், சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஓபன்டோபோகிராஃபி தளத்திலோ யு.எஸ்.ஜி.எஸ். எர்த்எக்ஸ்ப்ளோரரிலோ எடுக்கலாம். ஒரு டிகிரிக்கு ஒரு கட்டம், தென்மேற்கு மூலையை வைத்துப் பெயர், ஆழியாறு இருப்பது என்10இ076. (என்றைக்காவது வெள்ளியங்கிரி செய்தால் அது 11 டிகிரிக் கோட்டை ஒட்டி இருப்பதால் என்11இ076-ம் சேர்த்து எடுக்கணும்.) கியூஜிஐஎஸ் என்கிற இலவச வரைபட சாஃப்ட்வேரில் திறந்து, டிகிரிக்குப் பதில் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 43 வடக்கு முறைக்கு மாற்றி, வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி, உயரத்தைக் கருப்பு-வெள்ளை அளவாகக் காட்டும் 16 பிட் படமாக எடுங்க. எடுக்கும்போதே மிகக் குறைந்த உயரத்தையும் மிக அதிக உயரத்தையும் குறித்து வையுங்க, அந்த வித்தியாசம்தான் பிளெண்டரில் டிஸ்பிளேஸ் மாடிஃபயருக்கு (அந்தப் படத்தைப் பார்த்து நிலத்தை உயர்த்தும் கருவி) தர வேண்டிய ஸ்ட்ரெங்த். மலை கம்பீரமாக இருக்கட்டும் என்று அதைக் கூட்டினால் அந்த நிமிஷமே ஆனைமலை போய் வேறு ஏதோ மலை ஆகிவிடும்.

காடு அடர்ந்த இடத்தில் ரேடார் தரையை அளக்காமல் மரத்தலையை அளந்திருக்கும், தூரத்துக் காட்சிக்கு அது நமக்கு லாபம்தான். 2000-க்குப் பிறகு குவாரிக்காரர்கள் தின்று தீர்த்த கரடுகளும் அதில் முழுசாக நிற்கும். ஆனால் 30 மீட்டர் தரவு பின்னணிக்கு மட்டும்தான் ஆகும். கேமராவுக்குப் பக்கத்து நிலத்தை, அந்த வரப்பு, வாய்க்கால், வேலியை எல்லாம் நீங்களேதான் செய்யணும்.

மழைக்கால்:

கரட்டுமேடு அண்ணா சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் என் கணக்கில் வடிவத்தை விட நடுவில் இருக்கிற காற்றுதான் பெரிய விஷயம். அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலை பக்கத்துப் பாறை அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்தால், தரவு எவ்வளவு நிஜமாக இருந்தாலும் மூளை அதைச் சின்னப் பொம்மை என்றுதான் எடுத்துக்கொள்ளும். தூரம் போகப் போக கருநிழல் வெளுக்கணும், நீலம் ஏறணும். பிளெண்டரின் ஸ்கை டெக்ஸ்சரில் காற்று, தூசி என்று தனித்தனி அளவு இருக்கும், நன்றாகவும் இருக்கும், ஆனால் அது வானத்துக்கு மட்டும்தான் நிறம் கொடுக்கும், உங்களுக்கும் மலைக்கும் நடுவில் எதையும் வைக்காது. அதற்கு பெரிய பெட்டி ஒன்றை வைத்து வால்யூம் ஸ்கேட்டர் (உள்ளே ஒளியைச் சிதறவைக்கும் மூட்டம்) போடணும், ரெண்டர் நத்தையாகிவிடும். இல்லையென்றால் மிஸ்ட் பாஸ் (தூரத்தை மட்டும் கருப்பு-வெள்ளையில் காட்டும் தனிப்படம்) எடுத்து, ரெண்டருக்குப் பிறகு படங்களைச் சேர்க்கும் கம்பாசிட்டிங்கில் நிறம் கலக்கணும், உங்கள் லேப்டாப்புக்கு அதுதான் தோது. டெர்ராஜெனில் இந்தக் காற்றுமண்டலம் முதலிலேயே உள்ளே இருக்கு, அதனால் புதுசாக வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். வணிகத்துக்குப் பயன்படுத்தாதவர்களுக்கு இலவசப் பதிப்பு உண்டு, படத்தின் அளவு போன்றவற்றுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், பழகுவதற்கு அது பெரிய தடை இல்லை.

எந்த மாதம் என்பதையும் முதலிலேயே முடிவு பண்ணிக்கோங்க. சித்திரை வெயிலில் தூசி கலந்த வெள்ளைப் புகைமூட்டம், மலை பாதி கரைந்து நிற்கும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் பார்த்தால் சரிவில் உள்ள ஒவ்வொரு பாறையும் எண்ணலாம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது முகட்டில் மேகம் மூடிக்கொண்டு, கீழே தோப்பில் மட்டும் வெயில் அடிக்கும். மூன்றும் ஒரே இடம்தான், மூன்றுக்கும் புல்லின் நிறமே வேறு. சூரியனை உச்சியில் வைக்காதீங்க, கேமராவுக்குப் பின்னாலும் வேண்டாம். பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால்தான் அந்த ஓடைப் பள்ளங்கள் நிழலோடு எழுந்து வரும்.

கரட்டுமேடு:

காற்று விஷயத்தை ஒத்துக்கிறேன். ஆனால் தென்னந்தோப்பை டெர்ராஜெனில் செய்யச் சொல்லி அவரை மாட்டிவிடாதீங்க, பக்கத்து மரம், வேலி, வீடு என்று வந்தால் பிளெண்டருக்குத்தான் திரும்பி வரணும்.

பல்லடம்பிக்சல்:

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். தரவை எடுத்து பிளெண்டரில் ஏற்றிவிட்டேன், மலை உடனே அடையாளம் தெரிகிறது! இரண்டு சந்தேகம். சரிவு முழுக்கப் படிக்கட்டு படிக்கட்டாக இருக்கிறது. அப்புறம் தென்னை, ஒரு மரம் வைத்தாலே லேப்டாப் திணறுகிறது, தோப்பு எப்படி?

மழைக்கால்:

படிக்கட்டு வந்தால் நடுவில் எங்கேயோ 8 பிட்டாக மாறியிருக்கு. 8 பிட்டில் மொத்த உயரத்துக்கும் 256 படிதான், 2000 மீட்டர் மலையென்றால் படிக்கு எட்டு மீட்டர் வரும். 16 பிட்டில் 65536 படி. ஃபோட்டோஷாப்பில் திறந்து சேமித்தீர்களா என்று பாருங்க, டிசைன் வேலை செய்கிற கை அங்கேதான் போகும். படத்தின் கலர் ஸ்பேஸை நான்-கலர் (நிறமில்லை, வெறும் எண்) என்று வைக்கவும், இல்லையென்றால் உயரமே வளைந்துவிடும். மலையின் பின்பக்கம் வெட்டின மாதிரி காணாமல் போனால் கேமராவின் கிளிப் எண்டை (எவ்வளவு தூரம் வரை காட்டும் என்ற எல்லை) கூட்டினால் போதும்.

கரட்டுமேடு:

தென்னைக்கு நாலைந்து மரம் மட்டும் செய்து அவற்றையே பிளெண்டரில் உள்ள ஜியாமெட்ரி நோட்ஸ் கருவியில் இன்ஸ்டன்ஸாக (ஒரே மரத்தையே பல இடத்தில் காட்டும் நகலாக) பரப்புங்க. ஆயிரம் மரம் நின்றாலும் நினைவகத்தில் இருப்பது அந்த நாலைந்துதான். தூரத்து மரத்துக்கு 2கே (சுமார் 2000 பிக்சல் அகல) டெக்ஸ்சரே அதிகம். ஆனால் கண்டபடி தூவிவிடாதீங்க, அது காடாகத்தான் தெரியும். நம்மவர்கள் 25 அடிக்கு ஒன்று என்று கயிறு பிடித்து வரிசையில்தான் நடுவார்கள், அதனால் கட்டம் போட்டு நட்டு, ஒவ்வொன்றின் உயரத்தையும் சாய்வையும் கொஞ்சம் மாற்றுங்க. அங்கங்கே ஒரு மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தென்னங்கன்று வைத்தால் இன்னும் நன்றாக வரும். மட்டையின் பச்சையை, மனசுக்குத் தோன்றுகிற பச்சையை விட நல்ல கருப்பாக வையுங்க, வெயிலை ரெண்டர் பார்த்துக்கொள்ளும். முதல் ரெண்டரை இங்கேயே போடுங்க, பார்த்துச் சொல்றோம்.