மறுமொழி: சயாம் நினைவுக்கல் நிதி – பெயர்ப்பட்டியலை அப்படியே கொத்த வேண்டாம்

சங்கத்துப் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நினைவுக்கல்லுக்கு வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் என்று தலைவர் கேட்டிருக்கிறார். என் பங்கைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சாவடியில் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் உள்ள செக்ரோல் நோட்டில் (மலாயாத் தோட்டத்து ஆட்களின் பெயர்ப்பதிவேடு) 'இறப்பு' என்று சிவப்பு மையில் குறித்த பெயர்களையெல்லாம் எடுத்து, ஜப்பான்காரன் காலத்து ரயில் பாதை வேலைக்குப் போய்ச் சயாமில் (இப்போதைய தாய்லாந்து) மாண்டவர்கள் என்று கல்லில் கொத்தப் போவதாக அவர் எழுதியிருப்பதைப் படித்த பிறகு, கல்தச்சரிடம் முழுப்பணமும் போய்ச் சேருவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியல் பொய்ப்பட்டியல். பொய் என்று தெரிந்தே என் தாத்தா எழுதியது.

1938இல் கூலி ஆட்களை மலாயாவுக்கு அனுப்புவது நிறுத்தப்படுவதற்கு முன்பே நம் மலையிலிருந்து கங்காணியோடு இறங்கிப் போனவர்கள் யார் யார் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். தாத்தா பேராக்கில் ஒரு கித்தாத் (ரப்பர்) தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கியதும் துரைமார் காரை எடுத்துக்கொண்டு தெற்கே ஓட, ஆபீஸ் சாவியும் செக்ரோலும் இவர் கையில் மிஞ்சின. 1943இல் சயாம் – பர்மா ரயில் பாதைக்கு ஆள் கேட்டு லாரி வரத் தொடங்கியது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), சாப்பாடு இலவசம் என்றார்கள். முதலில் போனவர்கள் திரும்பாததைப் பார்த்து ஆட்கள் ஒதுங்கியதும், கள்ளுக்கடையிலும் இலவசப் படம் காட்டிய கொட்டகையிலும் வளைத்துப் பிடித்து ஏற்றினார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு. அந்தக் கணக்குக்கு ஆதாரம் செக்ரோல். ஆகவே தாத்தா இளவட்டங்களைச் செக்ரோலில் சாகடித்தார். மலேரியா, வயிற்றுப்போக்கு, மறுபடியும் மலேரியா. அப்படிச் 'செத்தவர்கள்' காட்டோரத்தில் குடிசை போட்டு இருந்தார்கள்.

செத்தவனுக்குப் படியரிசி கிடையாது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. மலாயா சாப்பிட்ட அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. போரில் அது நின்றதும், உயிரோடு இருப்பவர்களுக்கு அளக்கும் படியே மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு வந்தது. எனவே லயத்து (கூலி வீட்டு வரிசை)ப் பெண்கள் தம் வயிற்றைக் கட்டி, பால்மரம் வெட்டி வீழ்த்திய இடத்தில் மரவள்ளி நட்டு, அவித்த கிழங்கைப் பால்வாளியின் அடியில் வைத்து மேலே துணியைப் போட்டு மூடி எடுத்துப் போனார்கள். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்ததால் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) கும்மிருட்டிலேயே நடந்தது என்றும், யார் வாளி கனக்கிறது என்று பார்க்க எவனாலும் முடியவில்லை என்றும் அத்தை சொல்லிச் சிரிப்பார். உடுக்கச் சாக்கு, விளக்குக்குக் கித்தாத் துண்டு என்று மூன்றரை வருடம் ஓட்டியவர்கள் அவர்கள்.

இனி நோட்டைப் பற்றி. பங்குனிக்கு ஊருக்குப் போன என் அண்ணி சாவடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மேற்குப் பக்கத்து ஓடு நாலைந்து உடைந்து, பெட்டியின் அடி துருப்பிடித்து, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவர் எடுத்தனுப்பிய படங்களில் சிவப்பு மை கரைந்து தாள் முழுவதும் ரோஜா நிறமாகப் பரவியிருக்கிறது. ஆனால் சில பெயர்களுக்கு இடப்பக்கம் பென்சிலால் வைத்த சிறு புள்ளி அழியாமல் இருக்கிறது. அந்தப் புள்ளி உள்ளவர்கள் உயிரோடு இருந்தவர்கள். போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியபின் ஊர் திரும்பி, தோட்டம் வாங்கி, காப்பியும் மலைவாழையும் வைத்து, வத்தலக்குண்டுச் சந்தைக்கு மூட்டை இறக்கியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஐந்து பேராவது இந்த மடற்குழுவில் இருக்கிறார்கள். தங்கள் தாத்தா தாம் பிறப்பதற்கு முன்பே சயாமில் இறந்தார் என்று கல்லில் படிக்க அவர்களுக்குச் சம்மதமா என்று தலைவர் கேட்டுக்கொள்ளட்டும்.

உண்மையில் போனவர்களின் பெயருக்கு எதிரே 'இறப்பு' என்று எங்குமே இல்லை. 'சயாம்' என்று ஒரு சொல், ஏற்றிய தேதி, அதற்குப் பிறகு காலியான கட்டங்கள். செய்தி வராமல் இறப்பு எழுத முடியாது என்று கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார் தாத்தா. இப்போதைய திட்டப்படி கல் நாட்டினால் பிழைத்தவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள், மாண்டவர்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

மஸ்கட் தம்பி போன மாதம் எழுதிய கடுமையான கடிதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்லியாக வேண்டும். "உங்கள் தாத்தா மேலத்தெருக்காரர்களைச் சாகடித்துக் காப்பாற்றினார், லாரி காலியாகப் போகவில்லை" என்று அவர் எழுதியது சரி. தலைக்கணக்கு குறையவில்லை, ஒரு பெயரை அடித்தால் வேறொரு பெயர் ஏறியது. பென்சில் புள்ளிகளில் பெரும்பாலானவை எங்கள் தெரு, 'சயாம்' என்பவற்றில் பெரும்பாலானவை கீழத்தெருவும் துணை இல்லாத ஒற்றை ஆட்களும். தம்பியின் பூட்டனார் பெயர் ஏழாவது ஏட்டில் இருக்கிறது. இதை மறைத்துக்கொண்டு என் தாத்தாவின் சாமர்த்தியத்தை மட்டும் விழா மேடையில் பேசுவதற்கு நான் வரமாட்டேன். அதற்காக அவர் கையெழுத்தே போடாமல் இருந்திருக்கலாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அப்போதும் லாரி நிரம்பித்தான் போயிருக்கும்.

கிள்ளான் மாமா கல்லின் தலைப்பில் 'நேதாஜி படை வீரர்கள்' என்று வேண்டும் என்கிறார். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் படையில் சேர்ந்தவர்கள் நம் ஊரில் இருவர். அவர்கள் பெயரைத் தனியே, பெருமையாகவே போடலாம். மற்றவர்கள் இந்திய சுதந்திர லீக் உறுப்பினர் அட்டை வாங்கியது, அது சட்டைப்பையில் இருந்தால் சோதனையில் கொஞ்சம் பயமில்லாமல் நிற்கலாம் என்பதற்காக. கிழங்கு சுமந்த பெண்கள் எந்தப் படையிலும் இல்லை. அவர்கள் பெயர் வரைவில் ஒன்றுகூட இல்லை. மாமா கோபித்துக்கொள்வார். பள்ளிக்கூடக் கூரை ஓட்டுக்கு அவர் பணம் கொடுத்ததை யாரும் மறக்கவில்லை, ஆனாலும் அதை இங்கே மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்குத் தாய்லாந்தின் கஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல் வரிசையாக நிற்கிறது. அவர்களைப்போலப் பல மடங்கு இறந்த ஆசியக் கூலிகளுக்கு முழுமையான பெயர்ப்பதிவே இல்லை, எண்ணிக்கையே மதிப்பீடுதான். அப்படியிருக்க, பெயரும் தேதியும் தெருவும் உள்ள ஒரு நோட்டு நம் சாவடியில் ஒழுகும் கூரைக்குக் கீழே கிடக்கிறது. எனவே வந்த பணத்தில் முதலில் ஓட்டை மாற்றுங்கள். ஏடுகளை யாரும் பிரிக்க முயல வேண்டாம், வெயிலில் காயப்போடவும் வேண்டாம். பழைய ஏடுகளைச் செப்பனிடத் தெரிந்தவர்களிடம் மதுரையில் கொடுத்து, பிறகு ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டுப் பெயரைச் சரிபார்க்கட்டும். அதன் பின் கல்.

ரசீதைப் பற்றிப் பொருளாளர் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. கல்தச்சருக்குக் கொடுத்த முன்பணத்துக்கு வந்த ரசீதில் வரிசை எண் இல்லை. ஜப்பான்காரன் அடித்த பத்து வெள்ளி வாழைமர நோட்டிலும் கடைசியில் வரிசை எண் போடவில்லை. 1945இல் அது அடுப்பெரிக்கத்தான் ஆயிற்று. தலைவர் எண்ணிட்ட ரசீது வாங்கி அனுப்பினால் மறுநாளே என் பங்கு வந்துவிடும்.

பெட்டிச் சாவி மேல்வீட்டு அத்தையிடம் இருக்கிறது. அதைக் கேட்கத் தலைவர் நேரில் போக வேண்டாம், சின்ன மாமா போகட்டும். ஏன் என்பது இருவருக்கும் தெரியும்.