ரஷ்ய மொழியின் ‘ஸ்கோத்’: கால்நடையா, காசா?

ஏடுபுரட்டி:
இன்றைய ரஷ்ய மொழியில் ‘ஸ்கோத்’ என்றால் கால்நடை. ஆனால் பழைய ருஸ் நாட்டின் வரலாற்றேட்டில், 1018ஆம் ஆண்டில் வரங்கியர் எனும் ஸ்காண்டிநேவியக் கூலிப்படையினரை அமர்த்துவதற்காக நோவ்கொரோத் நகர மக்கள் ‘ஸ்கோத்’ திரட்டினார்கள் என்றும், அக்காலப் பண அலகுகளில் ஆளுக்கு 4 கூனா, ஊர்த்தலைவருக்கு 10 கிரிவ்னா, போயர் எனும் பெருங்குடியினருக்கு 18 கிரிவ்னா என்று வசூலித்தார்கள் என்றும் வருகிறது. மாடு பிடித்துக் கட்டிய கணக்காக இது தெரியவில்லை. இச்சொல்லின் முதற்பொருள் எது என்று அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

வேர்நோக்கன்:
அவ்விடத்தில் பொருள் பணம்தான், ஐயா. அதே ஏடு ருஸ் நாட்டை ஆண்ட விளாதிமிரின் கருவூலத்தை ‘ஸ்கோத்னித்சா’ என்கிறது; தொழுவத்திலிருந்து அவர் ஏழைகளுக்குக் காசு வழங்கியிருக்க முடியாது. பெரும்பாலான அறிஞர்கள் இதை ஜெர்மானியக் கடன்சொல்லாகவே கொள்கின்றனர். பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கின் ‘ஸ்கத்ஸ்’ நாணயத்தைக் குறித்தது. ஜெர்மன் ‘ஷாட்ஸ்’ புதையல். சுவீடியர்களுக்கு ‘ஸ்கத்’ இன்றும் வரி.

தொழுவத்தார்:
கடன் என்று அவ்வளவு எளிதாக முடித்துவிடலாகாது. ஜெர்மானியக் கிளையில் பழைய ஃபிரீசிய மொழி ஒன்றில்தான் இச்சொல்லுக்குக் காசோடு கால்நடை என்ற பொருளும் தெளிவாக உண்டு. பிறவற்றில் காசும் செல்வமுமே மேலோங்கி நிற்க, ஸ்லாவிய மொழிகளிலோ கால்நடைப் பொருளே பரவலாக வேரூன்றியிருக்கிறது. காயடித்தலைக் குறிக்கும் ‘ஸ்கோபித்’ என்ற வினையோடு இணைத்து, இதைத் தூய ஸ்லாவியச் சொல்லாகக் காட்டுவோரும் உண்டு. ஒலியளவில் அதற்குத் தடையில்லை எனினும், காயடித்த விலங்கின் பெயர் மந்தை முழுவதற்கும் ஆகிவந்தது என்பதை நிறுவ இடைநிலைச் சான்று வேண்டும் என்பதால், நானும் கடன் பக்கமே சற்றுச் சாய்கிறேன்.

வேர்நோக்கன்:
சொல் எங்கிருந்து வந்திருந்தாலும் பொருள் நகர்ந்த பாதை ஸ்லாவியருக்குப் பழக்கமானதே. குரோவாசியர்களின் ‘பிளாகோ’ புதையலையும் கால்நடையையும் குறிக்கும். பல்கேரியரின் ‘ஸ்தோக்கா’ கடைச்சரக்கு. அதே சொல் செர்பியருக்குக் கால்நடை. செக் மொழியின் ‘தோபிதெக்’ என்ற கால்நடைப் பெயர் ஈட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. லத்தீனில் ‘பெகுஸ்’ கால்நடை, ‘பெகுனியா’ பணம். நமக்கும் இது புதிதன்று: ‘மாடல்ல மற்றை யவை’ என்னும் 400ஆம் குறளில் மாடு செல்வந்தானே.

ஏடுபுரட்டி:
நன்றி. அப்படியானால் பைசாந்தியத்துடன் செய்த 907, 971ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் ருஸ் வீரர்கள் இடிக்கடவுள் பெருனோடு சேர்த்து ஆணையிட்ட வோலொஸ், ‘ஸ்கோத்தின் கடவுள்’ எனப்படுவது மந்தையின் காவலன் என்ற பொருளிலா, செல்வத்தின் தலைவன் என்ற பொருளிலா?

தொழுவத்தார்:
இரண்டுக்கும் இடமுண்டு. 971ஆம் ஆண்டு ஆணையில், சொல் தவறினால் ‘பொன்னைப்போல் பொன்னிறம் ஆவோமாக’ என்று தங்களையே சபித்துக்கொள்வதால், செல்வப் பொருளைச் சிலர் வலியுறுத்துவர். ஆனால் அது உடல் மஞ்சளிக்கும் நோயைக் குறித்த சாபமாகவும் இருக்கலாம் ஆகையால், அந்த ஒரு வரியைக் கொண்டு மந்தையைத் தள்ளிவிட இயலாது.