புதுப்பிப்பு: தவசி முருங்கை என்று வாங்கிய செடி எதுவென்று தெரிந்துவிட்டது

நர்சரியில் "தவசி முருங்கை" என்று சொல்லிக் கொடுத்த செடி எது, சாப்பிடலாமா என்று படத்தோடு கேட்டிருந்தேன் அல்லவா? இப்போது பூத்துவிட்டது. இது தவசிக்கீரை, அதாவது தாவரவியல் பெயரில் சௌரோபஸ் ஆண்ட்ரோகைனஸ்.

தவசி முருங்கை என்ற பெயரில் இரண்டு செடிகள் புழங்குகின்றன. இன்னொன்றான ஜஸ்டிசியா டிராங்குபாரியென்சிஸ் ஆடாதோடை குடும்பம். இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும், பூ உதடு பிளந்தது போல இருக்கும். என்னுடையதில் இலைகள் மாறி மாறி இருக்கின்றன. கிளையைத் தூக்கிப் பார்த்தால் இலைக்கடியில் பொத்தான் போலத் தட்டையான சிவப்புப் பூக்கள் தொங்குகின்றன. கீழாநெல்லியும் இதே குடும்பம்தான். முருங்கைக்கு இரண்டுமே உறவில்லை.

சரி, சாப்பிடலாமா? சமைத்துச் சாப்பிடலாம். மலேசியாவில் சாயூர் மானிஸ் என்று முட்டை சேர்த்து வதக்குவார்கள், அருமையாக இருக்கும். ஆனால் பச்சையாக அரைத்து ஜூஸாகக் குடிக்கவே வேண்டாம். 1990களில் தைவானில் எடை குறைய அப்படித் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு, தீராத மூச்சுத்திணறல் வந்தது, உயிரிழந்தவர்களும் உண்டு. வெறும் வயிற்றில் ஜூஸ் குடிக்கச் சொன்ன நண்பர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.