பெரியப்பா பேனாவைப் பிடிச்சா மட்டும்

குழு: முருகன் துணை (யாங்கோன் – மோல்மேன் – சென்னை)

செல்வி (யாங்கோன்), இரவு 7.40
[வீடியோ 0:42]
எல்லாரும் பாருங்க. கோயில் ஆபீஸ்ல எடுத்தது. அப்பா அர்ச்சனை ரசீது எழுதுறாங்க. பேர் முடியறதுக்குள்ள ஆள்காட்டி விரல் பேனாவைப் போட்டு அழுத்தி தாளே கிழியுது, மணிக்கட்டு தானா உள்ள மடங்குது. அஞ்சு மாசமா இப்படித்தான். யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. சொல்லிட்டேன்.

மீனா அத்தை (யாங்கோன்)
கண்ணு பட்டிருக்கு. அண்ணன் எழுத்து அச்சடிச்ச மாதிரின்னு கமிட்டிக்காரங்க பேசிப் பேசியே... வெள்ளிக்கிழமை சுத்திப் போடு செல்வி.

பாபு (மோல்மேன்)
[ஃபார்வர்ட் செய்தது] "தலையில் மாட்டினாலே போதும்! மூளைக்கு மெல்லிய மின்சாரம். கை நடுக்கம், கை இழுப்பு 10 நாளில் குணம். 9 வோல்ட் பேட்டரி இலவசம்!"
மாமாவுக்கு இதுதான் வேணும். ஆபரேஷன் இல்ல, ஊசி இல்ல.

பெரியப்பா
எனக்கு மூளையில ஒண்ணும் இல்ல. கைதான்.

பாபு
மூளையில ஒண்ணும் இல்லன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க 😄

மீனா அத்தை
டேய்.

செல்வி
விபிஎன் விழுந்து விழுந்து எழுந்திரிக்குது. வீடியோ கவிதாக்காவுக்குப் போச்சா?

கவிதா (சென்னை)
வந்துடுச்சு. இப்பதான் கிளினிக் மூடினேன். செல்வி, சாப்பிடறப்போ பெரியப்பா கை எப்படி? சட்டை பட்டன்?

செல்வி
பிசைஞ்சு சாப்பிடுறாங்க, லுங்கி கட்டுறாங்க, வெத்தலை மடிக்கிறாங்க. எல்லாம் பழையபடிதான்.

பெரியப்பா
இதோ டைப் பண்றேனே. பேனாவைப் பிடிச்சா மட்டும்தான்.

கவிதா
வீடியோவை 0:31ல நிறுத்துங்க. பெரியப்பா இடது கையில எழுதிப் பார்க்கிறாரு. அவர் எழுதுற கையை விடுங்க. மடியில சும்மா கிடக்கிற வலது கையைப் பாருங்க.

செல்வி
ஐயோ. அந்த விரல் தானா மடங்குது!! நான்தான் எடுத்தேன், நானே கவனிக்கல.

பெரியப்பா
எனக்கே தெரியாது.

கவிதா
பேனாவே தொடாத கை அது, பெரியப்பா. அப்புறம் ஏன் மடங்குது? கோளாறு கையில இல்ல, கைக்கு உத்தரவு போடற இடத்துல. இது எழுதறப்போ மட்டும் கை இழுத்துக்கிற ரைட்டர்ஸ் கிராம்ப் மாதிரி தெரியுது. தசை தானா முறுக்கிக்கிற டிஸ்டோனியாவுல ஒரு வகை. நான் பிசியோதான், நரம்பு டாக்டர் பார்த்துத்தான் உறுதி பண்ணணும். ஒரு விரலை அசைக்கறப்போ மூளை மத்த விரல்களை "நீ சும்மா இரு"ன்னு அடக்கி வைக்கும். அந்த அடக்கம் தளர்ந்துடுது. பந்தியில ஒரு இலைக்குச் சாம்பார் ஊத்தினா பக்கத்து இலையிலயும் வழியுதே, அப்படி. பயமோ பதட்டமோ சோம்பேறித்தனமோ இல்ல. கண்ணும் இல்ல அத்தை.

பாபு
அப்ப மூளைதானே? மிஷின் சரிதானே? ஜெயிச்சது நான்.

கவிதா
பாதி ஜெயிச்சே. மூளையைத் திறக்காம வெளியிலேருந்து தூண்டறது நிஜமான வைத்தியம்தான். ஆனா ரெண்டு வகை, நீ குழப்பிக்கிறே. ஒண்ணு காந்தம். 1985ல இங்கிலாந்து ஷெஃபீல்டுல ஆந்தனி பார்க்கர் குழு செஞ்சு காட்டினது. தலைமேல ஒரு கம்பிச்சுருளை வச்சு மின்சாரத்தைப் பளிச்னு விட்டா அது காந்தமாகி உள்ள மூளையைத் தூண்டும். கைக்கான இடத்துக்கு மேல வச்சிருந்தா கட்டைவிரல் தானா துள்ளும். நானே உட்கார்ந்து பார்த்திருக்கேன், டக் டக்னு சத்தத்துக்குக் காதை அடைச்சுக்கணும். அமெரிக்காவுல 2008லேருந்து மனச்சோர்வுக்கு இதுக்கு அனுமதி உண்டு. கை டிஸ்டோனியாவுக்கு இன்னும் ஆராய்ச்சிதான். மெதுவா, வினாடிக்கு ஒண்ணு இல்ல அதுக்கும் குறைவா தட்டினா அந்த இடம் கொஞ்சம் அடங்கும். வேகமா தட்டினா உசுப்பும். 2005ல ஜப்பான்காரங்க அசைவைத் திட்டமிடற பகுதியில 5 வினாடிக்கு ஒண்ணா 250 தடவை தட்டினாங்க. எழுத்து நல்லா வந்துச்சு. நோயாளிங்க 9 பேர். பலனும் நாள்கணக்குல நிக்கல.

பாபு
9 பேரா? நம்ம பந்தியே அதைவிடப் பெருசு.

கவிதா
அதேதான். நீ அனுப்பின அந்தத் தலை பெல்ட் ரெண்டாவது வகை. தலையில ஈரப் பஞ்சு வச்சு 1, 2 மில்லி ஆம்பியர் மின்சாரம் விடறது. போன் சார்ஜர் 2 ஆம்பியர், அதுல ஆயிரத்துல ஒரு பங்கு. அதுவும் முக்கால்வாசி தோலோடயே ஓடிடும். இந்த நோய்க்கு ஆராய்ச்சி முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. பஞ்சு காஞ்சா தோல் வேற சுடும். 10 நாள்ல குணம்னு எவனாலயும் எழுதித் தர முடியாது.

மீனா அத்தை
கவிதா, ஒண்ணு கேக்கணும். அண்ணனுக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துச்சே, அப்பா தூக்கிட்டு ஓடினாங்களே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

கவிதா
அத்தை!! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. காந்தச் சிகிச்சைக்கு முன்னாடி முதல்ல கேக்கறதே வலிப்பு, தலைக்குள்ள உலோகம், பேஸ்மேக்கர்தான். அபூர்வமா அதுவே வலிப்பைக் கிளப்பிடும். பெரியப்பா, நீங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

பெரியப்பா
60 வருஷம் ஆச்சு. மறந்தே போச்சு.

(செய்தி நீக்கப்பட்டது)

செல்வி
பாபு என்ன டெலீட் பண்ணே?

பாபு
ஒண்ணுமில்ல.

பெரியப்பா
அப்ப எனக்கு வழியே இல்லையாம்மா?

கவிதா
இருக்கு. முன்கையில எந்தத் தசை இழுக்குதுன்னு பார்த்து அதுல மட்டும் தசையைத் தளர்த்தற போட்டாக்ஸ் ஊசி. சுமார் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. கொஞ்சம் பலவீனம் வரலாம், அளவு சரிபண்ணிக்கிட்டே போகணும். அமெரிக்க பியானோ வித்வான் லியான் ஃபிளைஷருக்கு 1960கள்ல வலது கையில கடைசி ரெண்டு விரல் சுருண்டுக்கிச்சு. 30 வருஷம் இடது கைக்கு எழுதின இசையே வாசிச்சாரு. 1990கள்ல இந்த ஊசி போட்டு ரெண்டு கையாலயும் திரும்ப வாசிச்சாரு. ஊசியோட பேனாவைத் தடியா ஆக்கிப் பிடிக்கிற பயிற்சியும் உண்டு, அதை நான் வீடியோ கால்ல சொல்லித் தரேன். முதல்ல பழைய மெழுகுத்துணியைப் பேனாவுல சுத்தி எழுதிப் பாருங்க. அப்புறம் சாக்பீஸ்ல சுவத்துல எழுதுங்க. செல்வி ரெண்டையும் எடுத்து அனுப்பு, டாக்டருக்கும் காட்டணும்.

பெரியப்பா
ஊசின்னா பரவாயில்ல. தலையில மாட்டற சமாச்சாரம் வேண்டாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ரசீது யாரு எழுதறது?

செல்வி
நான் எழுதறேன்ப்பா. கரண்டு வந்துடுச்சு, தெருவுல பசங்க மீ லாபீன்னு கத்துறாங்க. தண்ணி மோட்டர் போட்டுட்டு வரேன்.

கவிதா
பாபு, உண்மையைச் சொல்லு. என்ன டெலீட் பண்ணே?

பாபு
...பெல்ட்டுக்குப் பணம் கட்டின ரசீது. காலையிலயே கட்டிட்டேன். திருப்பித் தருவாங்களா?

மீனா அத்தை
எவ்வளவுடா?

பாபு
அம்மா அதை விடுங்க.

பெரியப்பா
வந்தா அந்த 9 வோல்ட் பேட்டரியை எடுத்து வை. கோயில் மைக்குக்கு ஆகும்.