லூவ்ர் டிக்கெட் புக் ஆக மாட்டேங்குது, அவசரம், யாராவது சொல்லுங்க

கடலைமிட்டாய்96 | வியாழன் இரவு 11.42
எல்லாருக்கும் வணக்கம். பாரிஸ் போறோம். ஃப்ளைட், ரூம் எல்லாம் போட்டாச்சு, லூவ்ர் மியூசியம் மட்டும் மாட்டேங்குது. காலண்டர்ல நாங்க போற தேதி சாம்பல் கலர்ல கிடக்கு, அமுக்கினா ஒண்ணும் ஆகல. ரெண்டு மணி நேரமா இதே வேலை. வேற வழி இருக்கா? அப்படியே மூணு நாள்ல என்னென்ன பார்க்கலாம்னும் சொல்லுங்க. காலைல ஆபீஸ், சீக்கிரம் பதில் போட்டா புண்ணியமா போகும்.

ஓடிபி_ராணி | 11.51
கார்டு பிரச்சினைதான். நம்ம ஊர் கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃப்ல இருக்கும், பேங்க் ஆப்ல போய் ஆன் பண்ணுங்க. எனக்கு மூணு தடவை இதே மாதிரி ஆச்சு.

வடைசுட்டபாட்டி | 11.55
@ஓடிபி_ராணி அவரு இன்னும் தேதியே அமுக்க முடியலைங்கிறாரு. கார்டு எங்க வந்துச்சு இதுல?

ஓடிபி_ராணி | 11.57
சில சைட்ல கார்டைப் பொறுத்துதான் காலண்டரே காட்டும்.

வடைசுட்டபாட்டி | 11.58
அப்படி எந்த சைட்டும் கிடையாது. கடலைமிட்டாய், எந்தத் தேதி? எத்தனை பேர்? எங்கிருந்து போறீங்க?

ஊர்சுற்றி_27 | வெள்ளி 12.10
27 நாடுகள் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். லூவ்ருக்குக் கடைசி நேரத்தில் டிக்கெட் தேடுவது, தீபாவளிக்கு முதல் நாள் தென்மாவட்ட ரயிலில் இடம் தேடுவது போலத்தான். மாதக்கணக்கில் முன்பே திட்டமிட வேண்டும். இந்தக் குழுவில் இதை நான் பலமுறை எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. போகட்டும். போக்குவரத்துக்கு நவிகோ வாரப் பாஸ் வாங்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வெர்சாய் அரண்மனைக்குக் கட்டாயம் ஒரு நாள்.

கடலைமிட்டாய்96 | வெள்ளி காலை 8.15
சாரி, தூங்கிட்டேன். நாலு பேர். நான், தங்கச்சி, அப்பா, அம்மா. போலந்துலேர்ந்து வர்றோம், நானும் தங்கச்சியும் இங்கதான் இருக்கோம், அப்பா அம்மா கோவில்பட்டிலேர்ந்து வந்திருக்காங்க. வர்ற ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு பாரிஸ் ஏர்போர்ட்ல இறங்குறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. இன்னொண்ணு, ரூம்ல சின்ன எலக்ட்ரிக் குக்கர் வச்சு சாதம் வடிச்சா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?

லாச்சப்பல்_வாசி | 9.02
வணக்கம் தம்பி. நான் இஞ்ச 22 வருசமா இருக்கிறன். முதல்ல ஒரு கேள்வி: எந்த ஏர்போர்ட்? பரிசிலை ஷார்ல் து கோல் எண்டால் எர்எர் பே ரயில், ஓர்லி எண்டால் 14ஆம் நம்பர் மெத்ரோ நேராப் போகுது. போலந்து மலிவு விமானம் எண்டதால எனக்கு ஒரு சந்தேகம். ரிக்கற்றிலை பொவே எண்டு போட்டிருக்கோ பாருங்கோ.

கடலைமிட்டாய்96 | 9.10
ரிக்கற்னா டிக்கெட்டா? ஆமா, பாரிஸ் பொவேன்னுதான் இருக்கு.

லாச்சப்பல்_வாசி | 9.14
அது பரிஸ் இல்லைத் தம்பி! 80 கிலோமீற்றர் தள்ளி இருக்கு. ஷட்டில் பஸ் பிடிச்சு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆகும். நாலு மணிக்கு இறங்கினால் ரூமுக்கு வந்து சேர ஏழாகும். திரும்பிப் போற நாளும் இதே கணக்கு. விமானத்துக்கு மூண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் பஸ்ஸிலை இருக்கோணும்.

வடைசுட்டபாட்டி | 9.20
போச்சு, மூணு நாள் ரெண்டு நாளாயிடுச்சு.

ஊர்சுற்றி_27 | 9.41
பிரான்சுக்குப் போய் ஓட்டல் அறையில் சாதம் வடிப்பதா? உலகமே சாப்பிட ஏங்கும் ஊர் அது. காலையில் குருவாசான் வாங்கி, காபியோடு கடித்துப் பாருங்கள். மேலும் ஓட்டல் அறையில் புகை வந்தால் அலாரம் அடிக்கும், மொத்தக் கட்டடமும் தெருவில் நிற்கும்.

அடுக்களை_அகிலா | 9.48
குக்கர்ல ஆவிதான் வரும், புகை வராது. அறுபது வயசுக்கு மேல மூணு வேளையும் பிரெட் தின்னா வயிறு என்ன ஆகும்னு குருவாசான் கடிக்கிறவருக்குத் தெரியாது. எங்க மாமியார் ஸ்விஸ்ல ரெண்டாம் நாளே ரசம் கேட்டு அழுதாங்க.

ஊர்சுற்றி_27 | 9.55
பயணம் என்பதே பழக்கத்தை விடுவதுதான் அம்மா. இன்னொரு விஷயம்: ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுவரக் கூடாது. நெய் பாட்டிலைப் பார்த்தால் பிடுங்கிப் போடுவார்கள்.

அடுக்களை_அகிலா | 9.58
அவங்க போலந்துலேர்ந்து போறாங்க. அதுவும் யூனியனுக்குள்ளதான்.

ஊர்சுற்றி_27 | 10.03
அப்படியானால் போலந்துக்குள் அந்த நெய் எப்படி வந்தது?

கடலைமிட்டாய்96 | 10.06
ஐயா, நெய் பத்தி நான் எதுவுமே சொல்லலையே.

ஓடிபி_ராணி | 10.11
போன்ல வேற பிரவுசர்ல முயற்சி பண்ணீங்களா? குக்கீஸ் அழிச்சுப் பாருங்க.

அடுக்களை_அகிலா | 10.15
குக்கர் கொண்டு போங்க தம்பி, ஆனா ரூம்ல சமைக்கலாமான்னு ஓட்டல்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க, நிறைய இடத்துல விடுறதில்ல. சமையல் மேடை இருக்கிற ரூமா மாத்த முடிஞ்சா நல்லது. அம்மா சுத்த சைவமா?

கடலைமிட்டாய்96 | 10.22
இல்லக்கா, மத்த நாள் எல்லாம் சாப்பிடுவாங்க. லூவ்ர் போற அன்னைக்கு செவ்வாய்க்கிழமை, முருகனுக்கு விரதம். வெளில கை நனைக்க மாட்டாங்க, அதுக்குத்தான் குக்கர்.

வடைசுட்டபாட்டி | 10.24
நில்லுங்க நில்லுங்க. லூவ்ர் செவ்வாயா?

லாச்சப்பல்_வாசி | 10.25
ஐயோ தம்பி. செவ்வாய்க்கிழமை லூவர் பூட்டு. கிழமைக்கிழமை பூட்டு. அதுதான் சாம்பல் நிறம். வேற ஒண்டுமில்லை.

கடலைமிட்டாய்96 | 10.27
அய்யய்யோ. ராத்திரி ரெண்டு மணி நேரம் அதையே அமுக்கிட்டு இருந்தேன். அப்ப திங்கள் வெர்சாய் போட்டிருக்கேனே, அதை மாத்தணுமா?

வடைசுட்டபாட்டி | 10.29
வெர்சாய் அரண்மனை திங்கள் லீவு. 😄 மொத்தத்துல பூட்டின கேட்டை மட்டும் பார்த்துட்டு வர்ற பிளான் போட்டிருக்கீங்க.

ஊர்சுற்றி_27 | 10.36
வெர்சாயில் தோட்டம் திங்களும் திறந்திருக்கும். அரண்மனைதான் மூடியிருக்கும். சொல்வதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

வடைசுட்டபாட்டி | 10.38
மூட்டுவலிக்காரம்மாவை அந்தத் தோட்டத்துல நடக்க விடப் போறீங்களா? வெர்சாய்க்குக் கட்டாயம் ஒரு நாள்னு ராத்திரி எழுதினது நீங்கதான், கிழமை கேட்டீங்களா?

லாச்சப்பல்_வாசி | 10.52
சண்டையை விட்டிட்டு நான் சொல்லுறதைக் கேளுங்கோ. வெர்சாயை இந்த முறை விடுங்கோ. லூவரைத் திங்களுக்கு மாத்துங்கோ, உத்தியோகபூர்வ தளத்திலை மட்டும் வாங்குங்கோ, மற்றத் தளங்கள் அதே ரிக்கற்றை ரண்டு மடங்குக்கு விக்கும். தங்கச்சிக்கு 26 வயசு ஆகேல்லை எண்டால் போலந்து வதிவிட அட்டையோட லூவர் இலவசம், ஆனால் நேரம் பதியத்தான் வேணும். உள்ளுக்கை அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டால் இலவசமாத் தருவினம், அடையாள அட்டை கையிலை இருக்கட்டும்.

செவ்வாய் காலமை ஓர்சே மியூசியம். அது திங்கள்தான் பூட்டு, செவ்வாய் 9.30க்குத் திறக்கும். பழைய ரயில் நிலையத்தை மியூசியமா மாத்தினது, வான் கோ படங்கள் அங்கதான். லூவர் மாதிரிக் கால் உளையாது. நோத்ர் தாம் தேவாலயத்துக்கு உள்ளுக்குப் போகக் காசில்லை. தீப்பிடிச்ச பிறகு 2024 டிசம்பரிலைதான் திரும்பத் திறந்தவை, புதுக் கல்லு பளபளக்குது.

ஞாயிறு இரவு ஐஃபிள் கோபுரத்தை வெளியில நிண்டு பாருங்கோ. இருட்டினாப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் அஞ்சு நிமிசம் மினுங்கும். கோபுரத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற த்ரொக்கதேரோவிலை கைப்பை கவனம், கையெழுத்துப் போடச் சொல்லிக் கடதாசி நீட்டுற பிள்ளையளிட்டை நிக்க வேண்டாம்.

பிறகு அந்த வாரப் பாஸ். அது திங்கள் தொடங்கி ஞாயிறோட முடியும், வாங்கின நாளிலை இருந்து ஏழு நாள் இல்லை. ரண்டு நாளுக்கு அது நட்டம். ஆளுக்கு ஒரு நவிகோ ஈசி அட்டை (ரிக்கற் ஏத்திப் பாவிக்கிற அட்டை) எடுங்கோ, ஒரு அட்டையை நாலு பேர் தட்டேலாது.

ஊர்சுற்றி_27 | 11.05
நான் போனபோது வாரம் முழுவதும் தங்கினேன். அதனால் சொன்னேன்.

அடுக்களை_அகிலா | 11.09
அம்மாவுக்கு மெட்ரோ படிக்கட்டு வேண்டாம் தம்பி, பழைய ஸ்டேஷன்ல நிறைய இடத்துல லிஃப்ட் கிடையாது. 69ஆம் நம்பர் பஸ் ஐஃபிள் டவர் பக்கத்துலேர்ந்து ஓர்சே, லூவ்ர் வழியாத்தான் போகும். ஜன்னலோரமா உட்கார வச்சீங்கன்னா அதுவே பாதி ஊர் பார்த்த மாதிரி.

கடலைமிட்டாய்96 | 11.20
திங்கள் 3.30க்கு நாலு இடம் கிடைச்சிடுச்சு!!! மீட்டிங் இருக்கு, அப்புறம் வர்றேன்.

ஓடிபி_ராணி | 11.26
குக்கீஸ் அழிச்சதும் சரியாச்சா?

லாச்சப்பல்_வாசி | 11.40
தம்பி, அந்தக் குக்கர் சுமக்க வேண்டாம். கார் து நோர் ஸ்டேசனிலை இருந்து லாச்சப்பல் பக்கம் நடந்தால் எங்கட கடைத்தெரு. இட்டலி, தோசை, புட்டு, எல்லாம் இருக்கு. விரதச் சாப்பாடு எண்டு சொன்னால் வெங்காயம் போடாமலும் தருவினம்.

அடுக்களை_அகிலா | 11.44
கை நனைக்க மாட்டாங்கன்னா கடைச் சாப்பாடும் சேர்த்தி அண்ணா. குக்கர் இருக்கட்டும்.

கடலைமிட்டாய்96 | செவ்வாய் மாலை 6.20
பொவேல உட்கார்ந்திருக்கேன், சார்ஜ் 4 சதவீதம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. அப்பா மோனாலிசாவை ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, இவ்ளோதானான்னு திரும்பிட்டாரு. எதிர்ச் சுவர்ல பெரிய கல்யாணப் பந்தி படம் ஒண்ணு இருக்கு, அதுகிட்ட இருபது நிமிஷம் நின்னு யார் பரிமாறுறான்னு ஒவ்வொரு ஆளா காட்டிட்டு இருந்தாரு. 69 பஸ்ல அம்மா ரெண்டு தடவை போனாங்க. எல்லாருக்கும் நன்றி.

ஊர்சுற்றி_27 | 7.02
அது ஓவியர் வெரோனேசே 1563இல் முடித்த கானாவூர் கல்யாணம். அகலம் கிட்டத்தட்ட 10 மீட்டர். என்னிடம் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

அடுக்களை_அகிலா | 7.15
குக்கர் என்னாச்சு தம்பி? ஓட்டல்ல விட்டாங்களா?

அடுக்களை_அகிலா | வியாழன் காலை 10.30
தம்பி?