உயரத்துல வேலை பாக்குறவங்க வாங்க: நியர் மிஸ் (அடிபடாம மயிரிழைல தப்பிச்ச சம்பவம்) ரிப்போர்ட் குடுத்து ஏதாவது மாறியிருக்கா?

ரூஃபிங்காரன்:
ஆள் கீழ விழுந்தா ரிப்போர்ட் போகுது, அது எப்படியும் போய்த்தான் ஆகணும். விழாம தப்பிச்சா? "நல்லவேளை"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலைய பாக்க போயிடுறோம். எனக்கு நடந்தத சொல்றேன், நீங்களும் சொல்லுங்க.

பழைய குடோன் கூரைல ரிப்பேர் வேலை. கூட இருந்த பையன் நடந்துட்டு இருக்கும்போதே ஷீட் படக்குன்னு உடைஞ்சு இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டான், லைஃப்லைன்ல (பாதுகாப்பு கயிறு) ஹுக் மாட்டியிருந்ததால அதோட நின்னுச்சு, தொடைல சிராய்ப்பு மட்டும்தான். சூப்பர்வைசர் ஃபார்ம எடுத்து காரணம்னு இருக்குற இடத்துல "தொழிலாளியின் கவனக்குறைவு"ன்னு எழுதி மூடப் பாத்தாரு. சேஃப்டி ஆபீசர் மட்டும் மேல ஏறி வந்து உடைஞ்ச துண்ட கைல எடுத்து திருப்பி திருப்பி பாத்தாரு. பாத்தா அது சிமென்ட் ஷீட்டே இல்ல, வெளிச்சம் வர்றதுக்கு நடுநடுவுல போடுவாங்களே, அந்த பிளாஸ்டிக் ஷீட்டு. வெயில்ல காஞ்சு மொறமொறன்னு ஆயிருக்கு. கூரை முழுக்க பெயின்ட் அடிச்சப்ப இதுக்கும் சேத்து அடிச்சு விட்டிருக்காங்க, மேல நின்னு பாத்தா எது எதுன்னு எந்த கொம்பனாலயும் சொல்ல முடியாது. அப்புறம் உள்ள இருந்து அண்ணாந்து பாத்து ஒவ்வொண்ணா மார்க் பண்ணி, கீழ வலை கட்டி, மேல நடக்க பலகை போட்டாங்க. கவனக்குறைவுன்னு முடிச்சிருந்தா பையனுக்கு ஒரு மெமோ, அடுத்த ஆளுக்கு அதே மாதிரி இன்னொரு ஷீட், அவ்ளோதான்.

சாரம் கட்டுறவன்:
அண்ணே எங்க வேலைல ஆள் விழுறத விட சாமான் விழுறதுதான் ஜாஸ்தி. ஸ்பேனர், கிளாம்ப், பைப் துண்டு. யார் மேலயும் படலைன்னா மேல இருந்து "ஏய் பாத்து"ன்னு ஒரு சத்தம், கீழ இருக்கவன் ரெண்டு கெட்ட வார்த்தை, கதை முடிஞ்சுது. 20 மீட்டர்ல இருந்து விழுந்தா ரெண்டே செகண்ட், தரைக்கு வரும்போது கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் வேகம், ஹெல்மெட் போட்டிருந்தாலும் அதுக்கு ஒரு அளவு இருக்குல்ல. எங்க ஃபோர்மேன் ஒரு தடவ விழுறத எல்லாம் எழுதுங்கடா எங்க விழுதுன்னும் எழுதுங்கன்னு சொன்னாரு, எழுதிப் பாத்தா முக்காவாசி ஒரே இடம், ஹாய்ஸ்ட்ல (சாமான் மேல ஏத்துற லிஃப்ட்) சாமான் இறக்குற பக்கம். சாமான் உள்ள இழுக்க தொந்தரவா இருக்குன்னு அங்க டோ போர்ட, அதான் சாமான் உருண்டு விழாம ஓரத்துல வைக்கிற பலகைய, கழட்டிட்டு திருப்பி மாட்டவே இல்ல. இப்ப அங்க கழட்ட முடியாத மாதிரி சின்ன கேட் வச்சாச்சு, ஸ்பேனருக்கு எல்லாம் கயிறு. கயிறு தொல்லைதான், ஒத்துக்குறேன்.

டவர் வேலை:
ஒரு விஷயம் யாரும் சொல்லல. பெல்ட் ஒரு தடவ ஆள தாங்கிப் பிடிச்சிருச்சுன்னா அத ஒதுக்கி வைக்கணும். எங்க சைட்ல ஒருத்தர் வழுக்கி தொங்கிட்டாரு, அடி இல்ல, அதனால யார்கிட்டயும் சொல்லல, சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு பயம். பெல்ட் ஸ்டோருக்கு போயிருச்சு. மறுநாள் வேற ஒருத்தர் மாட்டப் போனப்பதான் லேன்யார்ட்ல (பெல்ட்டையும் ஹுக்கையும் சேக்குற கயிறு) விழுற அதிர்ச்சிய தாங்குற ஷாக் அப்சார்பர் பை கிழிஞ்சு உள்ள மடிச்சு வச்ச பட்டை வெளிய வந்திருக்குறத பாத்தாரு. பாக்காம ஏறியிருந்தா? ரிப்போர்ட்டுங்கிறது ஆபீஸுக்கு மட்டும் இல்ல, அந்த பெல்ட்ட அடுத்து மாட்டப் போறவனுக்கும்தான்.

விசாரிச்சப்ப இன்னொண்ணு வெளிய வந்துச்சு. வழுக்கி தொங்குனவரு ஹுக்க கால் பக்கத்துல மாட்டியிருக்காரு. 2 மீட்டர் லேன்யார்ட், அப்சார்பர் முழுசா விரிஞ்சா இன்னொரு 1.75 மீட்டர் வரைக்கும் நீளும், ஆளோட உயரம், அதுக்கு மேல கொஞ்சம் கேப், எல்லாம் கூட்டுனா கீழ 6 மீட்டருக்கு மேல காலி இடம் வேணும். அங்க 4 மீட்டர்லயே பிளாட்ஃபார்ம். நல்ல நேரம் பக்கவாட்டுல சாஞ்சு தொங்குனாரு. அதுக்கப்புறம்தான் தலைக்கு மேல மாட்டுற சுருள் டைப் (விழுந்தா உடனே பூட்டிப் பிடிச்சுக்கிறது) வாங்குனாங்க. தொங்குற ஆள எப்படி இறக்குறதுன்னு பிளானும் அப்பதான் போட்டாங்க, ரொம்ப நேரம் தொங்குனா கால்ல ரத்தம் தங்கி மயக்கம் வந்துரும், ஃபயர் சர்வீஸ் வர்ற வரைக்கும் பாத்துட்டு நிக்க முடியாது.

சேஃப்டி ஆபீசர்:
எங்க பக்கத்து நியாயத்தையும் கேளுங்க. கேட்ல "விபத்து இல்லாத நாட்கள்"னு போர்டு, நம்பர் ஏற ஏற எல்லாருக்கும் பரிசு. எவன் போய் அந்த நம்பர ஜீரோ ஆக்குவான்? மாசம் நியர் மிஸ் ஒண்ணுமே இல்லன்னு ரிப்போர்ட் வந்தா மேனேஜருக்கு சந்தோஷம், எனக்கு வயித்த கலக்கும்.

ட்ரெய்னிங்ல எல்லாம் அந்த முக்கோணத்த காட்டுவாங்க, 1931ல ஹெய்ன்ரிச்னு ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஆளு போட்டது, 300 அடிபடாத சம்பவத்துக்கு 29 சின்ன காயம், 1 பெரிய காயம்னு. அந்த கணக்க நான் அப்படியே நம்ப மாட்டேன். விரல்ல வெட்டுப்படுறத எவ்வளவு குறைச்சாலும் மேல இருந்து ஆள் விழுறது தானா குறையாது, ரெண்டுக்கும் காரணமே வேற. அதனால நான் எண்ணிக்கைய பாக்குறதில்ல, இதுல ஆள் செத்திருக்க வாய்ப்பு இருந்துச்சான்னு மட்டும் கேப்பேன். ஆமான்னா அடி படலைன்னாலும் செத்த கேஸ் மாதிரியே விசாரணை.

எழுத வராதவங்க ஃபோன்ல வாய்ஸ் மெசேஜ் போட்டா போதும்னு சொல்லியிருக்கேன். எடத்த க்ளீன் பண்றதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, ஹுக் எதுல மாட்டியிருந்துச்சு, எவ்வளவு உயரம், காத்தா மழையா, இது இருந்தா எனக்கு போதும். முக்கியமா, சொன்னவன்கிட்ட திரும்பி போய் என்ன செஞ்சோம்னு சொல்லணும். சொல்லலைன்னா அவன் அடுத்த தடவ வாயே திறக்க மாட்டான்.

சாரம் கட்டுறவன்:
சார் பேர் போடாம எழுதிப் போட பெட்டி வச்சாங்களே எங்க சைட்ல, அது என்ன ஆச்சு தெரியுமா? ரொம்ப நாளா ஒரு சீட்டு கூட விழல. போய் பாத்தா பெட்டி மேனேஜர் ரூம் வாசல்ல, அதுக்கு நேர் மேல கேமரா.

சேஃப்டி ஆபீசர்:
பெட்டிய ரெஸ்ட் ஷெட்டுக்கு மாத்தச் சொல்லுங்க தம்பி. சாவி உங்க ஆளுங்கள்ல ஒருத்தர்கிட்டயும் இருக்கட்டும்.